மகுடிக்கு மயங்கியது யார்?

எங்கள் அத்தைக்குச் சாமி வரும். வந்துகொண்டிருந்தது என்று எழுதுவதுதான் சரி. 1997 ஆடிக் கடைசி வெள்ளியோடு அது நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் ஒரு சினிமா மெட்டு. அதை வாசித்தவர் என் பெரியப்பா, அதாவது அத்தையின் கூடப்பிறந்த அண்ணன்.

தாராசுரத்தில் ஐராவதேஸ்வரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தெரு. பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். தெருக்கோடியில் சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில். ஆடி மாதம் அரசலாற்றிலிருந்து கரகம் எடுத்து வருவார்கள். பம்பையும் உடுக்கையும் அடிக்க, வழியில் இரண்டு மூன்று பெண்களுக்கு அருள் வரும். அத்தைக்குத் தவறாமல் வரும். மற்ற நாளில் அதிர்ந்து பேசாத பொம்பளை. அந்த ஒரு நாள் மட்டும் ஊர்ப் பெரியவர்களையே ‘டேய்’ என்று கூப்பிடுவாள். அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள்.

அந்த வருஷம் பம்பைக்காரர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பேண்டு செட்டு மட்டும்தான். பெரியப்பா அதில் கிளாரினெட். கரகம் தெருமுனை திரும்பும்போது பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். “பெரியப்பா, நாகின் போடுங்க பெரியப்பா!” அவர் முதலில் கேட்காத மாதிரி நடந்தார். விடவில்லை. கடைசியில் கிளாரினெட்டை உயர்த்தி அந்த மெட்டை எடுத்தார். ஒருவன் கைக்குட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து மறுமுனையை நீட்டிப் பிடித்துப் பாம்பாட்டி ஆனான். இன்னொருவன் தலைக்குமேல் கையைக் குவித்துப் படம் எடுத்தான். எனக்கு அப்போது 9 வயது. நானும் படம் எடுத்தேன்.

அப்போதுதான் அத்தைக்கு வந்தது. வழக்கமாக வருகிற மாதிரி இல்லை. உடம்பு இடுப்பிலிருந்து மெல்ல வளைந்தது. கண் செருகி, நாக்கு மடிந்து, மண்ணோடு மண்ணாகப் போய்விட்டாள். பெண்கள் மஞ்சத் தண்ணியோடு ஓடி வந்தார்கள். பெரியப்பா வாசிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயம் என்று பிறகு சொன்னார்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “டேய், சினிமா பாட்டுக்குச் சாமி வந்துருக்குடா!”

சிரிப்பு. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அத்தைக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த ஆடியில் பம்பைச் சத்தம் தெருவுக்குள் நுழைந்ததும் அத்தை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சாமி வரவே இல்லை.

சினிமா பாட்டுக்குச் சாமி வருமா? அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரை கொஞ்சம் தாமதமான பதில்.

பாம்புக்கு வாசித்ததா?

மகுடியிலிருந்து தொடங்கலாம். ஒரு சுரைக்குடுவை. அதன் கீழே மெழுகு வைத்து ஒட்டிய இரண்டு குழல்கள், உள்ளே நாணல் சீவாளிகள். ஒரு குழல் மெட்டு வாசிக்கும். இன்னொன்று மாறாத ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வடக்கே இதற்குப் பீன் என்றும் புங்கி என்றும் பெயர். வாசிப்பவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சிழுப்பார், அதனால் ஒலி அறுபடுவதே இல்லை. எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்று கேட்பவருக்குத் தெரியாது. அடியில் ஓடும் அந்த ஒற்றை ஸ்வரமும், மேலே சின்ன எல்லைக்குள் சுற்றிச் சுற்றி வரும் மெட்டும் சேர்ந்ததுதான் மகுடியின் மொத்த வித்தை.

கர்நாடக சங்கீதம் இதைப் புன்னாகவராளி ராகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. நாதஸ்வரக் கச்சேரிகளிலும் வீணைக் கச்சேரிகளிலும் கடைசியில் துக்கடாவாக ‘மகுடி’ வாசிக்கும் வழக்கம் உண்டு. புன்னாகவராளி மேல் ஸட்ஜத்தைத் தொடாத ராகம், கீழ் நிஷாதத்துக்கும் மேல் நிஷாதத்துக்கும் நடுவிலேயே உலவும். உயரத்துக்குப் போகாமல் தரையோடு ஊர்வதால்தானோ என்னவோ, இந்த ராகத்தைப் பாடினால் பாம்பு வரும் என்று வீட்டில் பாட வேண்டாம் என்பார்கள். இது 8-வது மேளமான தோடியின் ஜன்யம். தோடி என்றால் எங்கள் பக்கத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் மணிக்கணக்கில் வாசித்த தோடிக்கும், தெருவில் பாம்பாட்டி ஊதிய மெட்டுக்கும் ஸ்வரக் கணக்கில் தாய் ஒருத்திதான்.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாகவும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளை மண்டை ஓட்டின் அதிர்வாலும் உணர்கிறது. மகுடியின் கீச்சுக்குரல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாம்பு அசைவது மெட்டுக்காக இல்லை, எதிரே ஆடும் குடுவைக்காக. தன்னைத் தாக்க வருகிறதோ என்று அதன் போக்கிலேயே தலையைத் திருப்புகிறது.

அப்படியென்றால் மகுடி யாருக்காக? சுற்றி நிற்கும் கூட்டத்துக்காக. மயங்கியது எப்போதும் நாம்தான். பாம்பு ஒரு சாக்கு.

நம் ஊரில் பாம்பு வெறும் பிராணியாகவும் இருந்ததில்லை. புற்றுக்குப் பால் வார்க்கிறோம். அரசமரத்தடியில் நாகர் சிலைக்கு மஞ்சள் பூசுகிறோம். கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே திருநாகேஸ்வரம் இருக்கிறது. பாம்பாட்டிச் சித்தர் உடம்புக்குள்ளே சுருண்டிருப்பதைப் பாம்பு என்று அழைத்துப் பாடினார். இவ்வளவும் மனதில் கிடக்கும்போது மகுடி சத்தம் காதில் விழுந்தால், அது வெறும் சத்தமாக விழுவதில்லை.

பீன் இல்லாத பீன் இசை

பெரியப்பா அன்று வாசித்த மெட்டு 1954-ல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்துடையது. இசை ஹேமந்த் குமார். பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆடியவர் நம் சென்னைப் பெண் வைஜயந்திமாலா. படம் பெரிய வெற்றி, ஹேமந்த் குமாருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அந்தப் பீன் இசையைக் கேட்ட யாரும் ஒரு அசல் பாம்பாட்டியைக் கூட்டி வந்து ஸ்டுடியோவில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அதில் பீனே கிடையாது. அது கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவி. வாசித்தவர் கல்யாண்ஜி. பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையரில் ஒருவராக அறியப்பட்ட அதே கல்யாண்ஜி. கூடவே ஆர்மோனியம் வாசித்தவர் ரவி. அவரும் பிறகு பெரிய இசையமைப்பாளர் ஆனார். அப்போது இருவருமே ஹேமந்த் குமாரின் உதவியாளர்கள்.

கிளாவியோலினை 1947-ல் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் உருவாக்கினார். சின்ன கீபோர்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி. வால்வுகள் மூலம் ஒலி பிறக்கும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். வயலின் மாதிரி, புல்லாங்குழல் மாதிரி, ஓபோ மாதிரி என்று குரலை மாற்ற வரிசையாகச் சுவிட்சுகள். உண்மையைச் சொன்னால் வயலின் மாதிரியும் இருக்காது, ஓபோ மாதிரியும் இருக்காது. மூக்கால் பேசுகிற ஒரு தனிக்குரல். இங்கிலாந்தில் ஜோ மீக் 1962-ல் ‘டெல்ஸ்டார்’ இசைத்தட்டுக்காகவும், பீட்டில்ஸ் 1967-ல் ஒரு பாட்டுக்காகவும் இந்தக் குரலைத் தேடிப் போனார்கள். கல்யாண்ஜி அவர்களுக்கு முன்னாலேயே அதிலிருந்து ஒரு நாகப்பாம்பை வெளியே எடுத்துவிட்டிருந்தார்.

இந்தத் தகவல் தெரியவந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பா கிளாரினெட்டில் வாசித்தது எதை? பாம்பாட்டியின் மூச்சை ஒரு மெஷின் போலி செய்கிறது. அந்த மெஷினை மறுபடி மனிதர் ஒருவர் தன் மூச்சால் போலி செய்கிறார். நடுவில் இருந்த மின்சாரம் யாருக்கும் தெரியவில்லை. ‘அசல் மகுடி மாதிரியே வாசிக்கிறாரு’ என்று ஊரே அவரைப் பாராட்டியது. அவர் அசலாக வாசித்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் மெஷினை.

ஹாஸ்டலில் கேட்டது

இஞ்சினியரிங் படிக்கும்போது ஹாஸ்டலில் பக்கத்து ரூம் பையன் ஒருவன் ராத்திரி முழுக்க ட்ரான்ஸ் போடுவான். எங்களுக்கெல்லாம் அது ‘டொம் டொம்’. ஒரு நாள் சண்டை போடத்தான் போனேன். போனவன் உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ‘தி ஏஜ் ஆஃப் லவ்’.

1990-ல் பெல்ஜியத்தில் வெளிவந்த இசைத்தட்டு அது. வந்தபோதே உலகத்தைப் புரட்டிவிடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1992-ல், ஃபிராங்ஃபர்ட்டைச் சேர்ந்த ஜாம் அண்ட் ஸ்பூன் இரட்டையர் அதை ரீமிக்ஸ் செய்தார்கள். இன்றைக்கு உலகம் ‘தி ஏஜ் ஆஃப் லவ்’ என்று சொல்வது பெரும்பாலும் அந்த ரீமிக்ஸைத்தான். ட்ரான்ஸ் என்ற வகைமையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக எண்ணப்படுவதும் அதுதான். பிறகும் விடவில்லை. 2021-ல் ஷார்லட் டி விட்டும் என்ரிக்கோ சாஞ்சுலியானோவும் மறுபடி ரீமிக்ஸ் செய்தார்கள். மூலம் வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் அதற்கு இப்போது கை தூக்கி ஆடுகிறார்கள்.

30 வருஷம் ஒரு டிராக் சாகாமல் இருக்கிறதென்றால் என்ன காரணம்? அன்றைக்கு அந்த ரூமில் எனக்குத் தோன்றியது இதுதான்: இதில் நடப்பது மகுடியில் நடப்பதேதான். அடியில் மாறாத துடிப்பு. மேலே ஒரு சின்ன சொற்கட்டு, சுற்றிச் சுற்றி. ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை மாற்றம். நடுவில் தாளம் மொத்தமும் விழுந்து, மெட்டு மட்டும் அந்தரத்தில் தொங்கும். உடம்பு தாளத்தைத் தேடும். எப்ப வரும், எப்ப வரும் என்று ஏங்கவிட்டுத் திரும்ப விழும்போது மொத்தக் கூட்டமும் ஒரே உடம்பாகக் குதிக்கும். பம்பைக்காரர் அடியை நிறுத்தி, உடுக்கையை மட்டும் மெல்ல விட்டு, அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, சட்டென்று பம்பையை இறக்குவாரே, அதே கணக்கு.

இப்படிச் சொற்பமான சரக்கை வைத்துக் கட்டிய இசைக்கு ஒரு வசதி உண்டு. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஆயிரம் சங்கதி உள்ள கீர்த்தனையை ரீமிக்ஸ் செய்தால் சிதைந்துவிடும். நாலு ஸ்வரம் சுற்றி வரும் மெட்டு எந்த வேகத்தில் ஓட்டினாலும், எந்தக் கருவிக்கு மாற்றினாலும் அடையாளம் மாறாது. நீடித்து நிற்பது பூர்த்தியான இசை மட்டும்தான் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் காலி இடம் விட்டுவைத்த இசையும் நிற்கிறது.

இதில் இந்தியாவுக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1982-ல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியின் புது மெஷின்களை வைத்து ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற இசைத்தட்டைப் போட்டார். பத்து ராகங்கள், அதில் ஒன்று தோடி. நம் தோடி இல்லை, வடக்கத்தித் தோடி. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் பயன்படுத்திய டிபி-303 என்ற மெஷின், பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தக் குரலைத் தருவதற்காகச் செய்யப்பட்டது. கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. கம்பெனி 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மூன்று வருஷம் கழித்து சிகாகோவில் சில இளைஞர்கள் அதே மெஷினின் வளைந்து நெளியும் குரலிலிருந்து ஆசிட் ஹவுஸைத் தொடங்கினார்கள். ட்ரான்ஸ் இசைக்கும் அந்த நெளிவு போய்ச் சேர்ந்தது. 2010-ல் சரண்ஜித்தின் தட்டு மறுபதிப்பு வந்தபோது, ‘சிகாகோவுக்கு 5 வருஷம் முன்னாடியே இதை ஒருத்தர் பண்ணிட்டாரா?’ என்று உலகம் வாயைப் பிளந்தது.

கிளாவியோலின் கதையும் 303 கதையும் ஒன்றுதான். போலி செய்வதற்காகப் பிறந்து, போலி செய்யத் தெரியாமல், அந்தத் தெரியாமையாலேயே சொந்தக் குரல் கிடைத்த மெஷின்கள்.

டெல்டாவின் பழைய ரீமிக்ஸ்

‘ரீமிக்ஸ்’ என்றாலே நம் பெரியவர்களுக்கு முகம் சுருங்கும். 2000-களில் பழைய பாட்டை எடுத்து டிரம்ஸ் சேர்த்துப் போடுவது தமிழ் சினிமாவில் வழக்கமானபோது, கொலை என்று எழுதியவர்கள் உண்டு. சில கொலைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் காவிரிக் கரைக்கு இது புதுசு இல்லை.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று பெயர். நாற்பதுக்கு நெருக்கமாக இருக்கின்றன. அதில் ஒன்று பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் தேசியகீதத்தின் மெட்டு. அங்கே ராஜா இருந்த இடத்தில் தீட்சிதர் அம்பாளை வைத்தார். அவரைவிடப் பெரிய பண்டிதர் யார்? அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் தஞ்சாவூர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய பேண்டு ஒன்றை வைத்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாகவே நிலைநிறுத்தினார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரியப்பா வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரே மனுஷர் படம் ஏ.கே.சி.யுடையது.

பெரியப்பா ஆறு வருஷம் நாதஸ்வரம் கற்றவர். கோயில் வேலை கிடைக்கவில்லை. முகூர்த்த நாளை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு பேண்டு செட்டுக்குப் போனார். சிவப்புக் கோட்டு, தங்கநிறப் பித்தான். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் ஐராவதேஸ்வரர் கோயில் பக்கம் போகமாட்டார். சுற்றிக்கொண்டு போவார். கல்யாண ஊர்வலத்தில் அவர் தோடியை எடுத்தால் ஐந்தாவது நிமிஷம் யாராவது வந்து தோளைத் தட்டுவார்கள்: “அண்ணே, அதெல்லாம் அப்புறம். நாகின் போடுங்கண்ணே.” ஐம்பது ரூபாய் நோட்டைக் கிளாரினெட் வாயில் செருகுவார்கள்.

“ஆறு வருஷம் படிச்ச படிப்புக்கு ஒருத்தனும் காசு கொடுக்கலடா. ஆறு நிமிஷத்துல எடுத்த மெட்டுதான் வீட்ட கட்டுச்சு” என்பார். கசப்பா, பெருமையா என்று பிரிக்க முடியாத குரல். இந்தப் பக்கத்தில் அவரைப் போல எத்தனையோ பேர். ஒரு மெட்டின் நீடித்த கவர்ச்சி என்று நாம் கொண்டாடுவது, அதைத் தினம் மூன்று வேளை வாசித்தே ஆக வேண்டியவருக்கு என்னவாக இருந்தது என்பதும் அந்த மெட்டின் வரலாறுதான்.

சாமி எதற்கு வரும்?

இனி அத்தைக்கு வருகிறேன்.

தாளத்துக்கும் மயக்க நிலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது பழைய நம்பிக்கை. 1962-ல் ஆண்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர், குறிப்பிட்ட வேகத்தில் முரசு அடித்தால் மூளையின் மின்னலைகள் அதற்கு இசைந்துபோகும், மயக்கத்துக்கு அதுதான் காரணம் என்றார். 1980-ல் பிரெஞ்சு இசை மானுடவியலாளர் கில்பர்ட் ரூஷே, இசையும் மயக்கமும் பற்றிய தன் பெரிய புத்தகத்தில் இதை மறுத்தார். அவருடைய வாதம் எளிமையானது: சத்தத்துக்கே அந்தச் சக்தி இருந்தால், முரசு கேட்கிற எல்லோருக்கும் அல்லவா சாமி வர வேண்டும்? அடிப்பவருக்கே ஏன் வருவதில்லை? உலகம் முழுக்கப் பார்த்தால் மயக்கத்துக்கென்று பொதுவான ஒரு தாளம் இல்லை, ஒரு வாத்தியம் இல்லை, ஒரு மெட்டு இல்லை. ஓர் ஊரில் கூச்சலுக்கு வருவது இன்னோர் ஊரில் தாலாட்டு போன்ற பாட்டுக்கு வருகிறது. ஒருவர் எந்தச் சமூகத்தில் வளர்ந்தாரோ அது அவருக்கு எதை எந்தத் தெய்வத்தின் அழைப்பு என்று கற்றுக்கொடுத்ததோ, அதற்குத்தான் வரும். இசை மயக்கத்தை உண்டாக்குவதில்லை. அதற்கு வழி விட்டு, வடிவம் கொடுத்து, ஊர் நடுவே அதை நடத்திச் செல்கிறது.

ரூஷேவைப் படித்தபோது எனக்கு அந்தத் தெருமுனைதான் கண்ணில் நின்றது. அத்தை பிறந்ததிலிருந்து புற்றுக்குப் பால் ஊற்றியவள். மாரியம்மன் தலைக்குமேல் ஐந்து தலை நாகம் குடை பிடிப்பதைத் தினமும் பார்த்துக் கும்பிட்டவள். சின்ன வயதில் பாம்பாட்டி தெருவுக்கு வந்தால் அரிசி போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். ‘நாகின்’ படத்தை அவள் பார்த்ததில்லை. வைஜயந்திமாலா ஆடியது தெரியாது, கிளாவியோலின் தெரியாது. அவள் காதில் விழுந்தது மகுடி. அது யாரைக் கூப்பிடும் சத்தம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கூப்பிட்டவுடன் வந்தாள்.

நாங்கள் சினிமா பார்த்தவர்கள். எங்களுக்கு அது சினிமா பாட்டு. மெட்டு ஒன்றுதான், கேட்ட காதுகள் வேறு.

அன்றைக்குச் சிரித்தவர்கள் சொன்ன குற்றச்சாட்டு இது போலி என்பது. ‘அசல்’ சாமி அசல் பம்பைக்குத்தான் வரும் என்பது. அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்போம்? பாம்பாட்டியின் மகுடியே பாம்புக்கு வாசித்ததில்லை. மேற்கே பாம்பாட்டி மெட்டு என்று கார்ட்டூன்களில் ஒலிக்கும் அந்தச் சின்ன இசையை, 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகப் பியானோவில் தட்டிப் பார்த்துத் தானே உண்டாக்கியதாக சோல் ப்ளூம் என்ற அமெரிக்க ஏற்பாட்டாளர் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லிக்கொள்கிறார். காப்புரிமை வாங்காமல் விட்டதற்கு வருத்தமும் படுகிறார். எந்தப் பாம்பு மெட்டுக்கும் அடியில் தோண்டினால் பாம்பு கிடைப்பதில்லை. கேட்டவர்கள்தான் கிடைக்கிறார்கள்.

பொதுச்சொத்து

அந்த மெட்டு 1954-ல் நிற்கவில்லை. 1979-ல் தமிழில் ‘நீயா’ வந்தது, ஸ்ரீப்ரியா பாம்பானார். 1986-ல் இந்தியில் ‘நகீனா’ வந்தது, சிவகாசிப் பக்கத்தில் பிறந்த ஸ்ரீதேவி பாம்பானார். இசை வேறு, ஆனால் மகுடிக் குரல் வந்த இடத்திலெல்லாம் ஜனங்கள் 1954-ஐத்தான் கேட்டார்கள். கல்யாண ஊர்வலம், காலேஜ் கல்ச்சுரல், சாவு மேளம் என்று அது நுழையாத இடமில்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்பைப் பிடித்துக் காட்டிப் பிழைப்பது குற்றமாகி, பாம்பாட்டிகள் மெல்ல மெல்லத் தெருவிலிருந்து மறைந்தார்கள். பாம்பும் போய், பாம்பாட்டியும் போன பிறகு மெட்டு மட்டும் மிச்சம்.

2018 மார்ச்சில் கொழும்பில் நடந்த நிதாஹஸ் கோப்பையை நினைவிருக்கிறதா? வங்கதேச வீரர்கள் ஜெயித்ததும் கையைப் பாம்புப் படமாகத் தூக்கி ஆடினார்கள். அதில் கடுப்பான இலங்கை ரசிகர்கள் இறுதிப் போட்டியில் இந்தியாவுக்கு ஆதரவாகத் திரண்டார்கள். கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும், நம்ம தினேஷ் கார்த்திக் சிக்ஸ் அடித்தார். மூன்று நாட்டுக் கூட்டமும் ஒரே பாம்பைத்தான் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

தாராசுரம் கோயிலில் பலிபீடத்தருகே கல்படிகள் இருக்கின்றன. தட்டினால் ஸ்வரம் கேட்கும் படிகள். இரண்டாம் ராஜராஜன் காலத்து வேலை, 850 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது சுற்றிலும் கம்பி போட்டுவிட்டார்கள். 2004-ல் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கம்பி போட்டது சரிதான், போடாவிட்டால் நாம் தட்டியே தேய்த்திருப்போம். ஆனால் என் வயதுப் பையன்கள் யாரும் அந்த ஸ்வரத்தைக் கேட்டதில்லை. அசலைக் காப்பாற்றிவிட்டோம், கேட்க முடியாது.

அதே கோயில் சுவரில் யானையும் காளையும் ஒட்டி நிற்கும் ஒரு சிற்பம் இருக்கிறது. இரண்டு உடம்புக்கும் தலை ஒன்று. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஊருக்கு வரும் சிநேகிதர்களுக்கு நான் தவறாமல் காட்டுவது. ‘எதுடா அசல்?’ என்று எவனும் இதுவரை கேட்டதில்லை.

பெரியப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. 1997-க்குப் பிறகு எங்கள் தெருவுக்குள் மட்டும் அவர் அந்த மெட்டை வாசித்ததே இல்லை. எவ்வளவு காசு கொடுத்தாலும் தலையை ஆட்டிவிடுவார். அத்தையும் அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். கரகத்துக்கு முன்னால் ஒரு குட்டியானை வண்டி, அதன்மேல் ஸ்பீக்கர்கள், ஒரு பையன் கீபோர்டு. தெருமுனை வந்ததும் அதே கூச்சல். பையன் ஒரு பட்டனை அழுத்தினான். நாகின், ட்ரான்ஸ் வேகத்தில், அடியில் தொம் தொம்மென்று. நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். 74 வயது. திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அவள் முழங்கால் மேல் கிடந்த விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

செல்போனில் 1954 பாட்டைத் தேடி எடுத்து, கூட்டம் போனபிறகு அவள் காதருகே வைத்தேன். இதுதான் அத்தை முதல்ல வந்தது, இதுவும் மெஷின்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிளாவியோலின், கல்யாண்ஜி, பாம்பு மெட்டுக்கு ஆடாதது, ரூஷே சொன்னது வரைக்கும். நான் சிரித்ததையும் சொன்னேன். அவள் பாட்டு முடியும்வரை பேசவில்லை.

“மெஷினா இருந்தா என்னடா” என்றாள். “அன்னைக்கு வாசிச்சது எங்க அண்ணன்.”

பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இன்னொரு வாட்டி போடு” என்றாள்.